கிரேக்க 'மரம்' வழி வந்த கலைச்சொற்கள்: தமிழ்ச் சொல் தேடுகிறோம்

வணக்கம். 'க்சுலோன்' என்றால் கிரேக்கத்தில் மரம், கட்டை. அதிலிருந்து பிறந்த அறிவியல் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் தயாரிக்கிறோம். ஓரிடத்தில் முட்டி நிற்கிறது.

தாவரத்தில் நீரைக் கடத்தும் திசுவுக்கு 1858-இல் தாவரவியலாளர் நேகெலி உருவாக்கிய 'சைலம்' என்ற சொல்லில் சிக்கலில்லை. இலங்கைப் பாடநூல்களில் அது 'காழ்'. தமிழ்நாட்டில் சைலம் என்றே விட்டுவிட்டார்கள். அகக்காழ் (உள்வைரம்) உள்ளது மரம், புறக்காழ் (வெளிவைரம்) உள்ளது புல் என்று தொல்காப்பிய மரபியலே பிரித்திருக்கும்போது காழை விட நல்ல சொல் ஏது?

வேதியியலில்தான் இடிக்கிறது. சைலோஸ் ஐந்து கார்பன் சர்க்கரை, 'மரச்சர்க்கரை' பொருந்தும். சைலீன் என்ற கரைப்பான் முதலில் மரத்தாரில் கிடைத்தாலும் இன்று பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. 'மர' என்று ஒட்டினால் மாணவர் குழம்புவார். செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின் வேறு இருக்கிறது; அந்தச் சொல் லத்தீன் வழி வந்தது, அங்கும் பொருள் மரம்தான். தண்டின் குறுக்குவெட்டில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தைச் சொட்டு விட்டால் சைலம் சிவக்கிறதே, அது செல்சுவரில் உள்ள லிக்னினால். சைலம், லிக்னின் இரண்டுக்கும் 'மர' போட்டால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

லிக்னின், சைலான் (சைலோஸ் அலகுகள் தொடராக இணைந்த பொருள்), சைலிட்டால் (சைலோஸிலிருந்து பெறும் இனிப்பூட்டி) மூன்றுக்கும் அச்சில் வந்த தமிழ்ச் சொல் இருந்தால் நூற்பெயர், பதிப்பாண்டு, பக்க எண்ணோடு தாருங்கள். உத்தரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் கரிய வண்டுக்கு, அதாவது சைலோகோப்பாவுக்கு, உங்கள் ஊரில் என்ன பெயர்? ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.