பழைய எழுத்துருவில் உள்ள இணைய இதழை நூலகத்தில் பாதுகாப்பது எப்படி?

கேள்வி: கல்லூரி நூலகர்

வணக்கம். எங்கள் ஊரிலிருந்து 2001 முதல் 2008 வரை ஓர் இணையச் சிற்றிதழை நடத்தியவர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மகள் தளத்தின் கடவுச்சொல்லையும் ஒரு வன்தட்டையும் எங்களிடம் ஒப்படைத்து, "அப்பாவின் உழைப்பு வீணாகிவிடக் கூடாது" என்று கேட்டுக்கொண்டார். தளப்பெயரின் பதிவு இன்னும் ஏழு வாரத்தில் முடிகிறது. அச்சிதழாக இருந்தால் பைண்டு செய்து, எண்ணிட்டு, அலமாரியில் வைத்திருப்பேன். பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பல பக்கங்கள் கிடைக்கின்றன. ஆனால் கவிதை இருக்க வேண்டிய இடத்தில், தலையில் புள்ளியும் கோடும் ஏந்திய உரோமன் எழுத்துகளே வரிவரியாக நிற்கின்றன. அவை பழுதாகிவிட்டனவா? எல்லாவற்றையும் இன்றைய பொதுக் குறியீடான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றி, பிடிஎஃப் கோப்பாக வைத்துக்கொண்டால் போதுமா?

மறுமொழி 1: மென்பொருள் பணியாளர்

பழுதாகவில்லை, ஐயா. எழுத்து இருக்கிறது, அதைக் காட்டும் எழுத்துருதான் இல்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் டிஸ்கி, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட டாம், டாப், இவை தவிர நாளிதழ்கள் தமக்கென வைத்திருந்த குறியீடுகள் எனப் பல இருந்தன. ஓர் எழுத்துருவில் 'க'வுக்குரிய எண் இன்னொன்றில் வேறோர் எழுத்துக்கு உரியதாக இருக்கும். வாசகரின் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் படிக்க முடியும்படி, பல தளங்கள் இயங்கு எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பின. அந்தக் கோப்பு சேமிக்கப்படாமல் போயிருக்கலாம். சேமிக்கப்பட்டிருந்தாலும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டுமே புரிந்துகொண்ட இஓடி வகை எழுத்துருவை இன்றைய உலாவிகள் திறப்பதில்லை.

ஆகவே மாற்றும் வேலையை இப்போது தொடாதீர்கள். தளம் உயிரோடு இருக்கும்போதே, உள்ளது உள்ளபடி வார்க் (WARC) என்னும் இணைய ஆவணக் கோப்பு வடிவில் அறுவடை செய்துவிடுங்கள், அதாவது முழுத் தளத்தையும் நகலெடுத்துவிடுங்கள். அது 2009இல் ஐஎஸ்ஓ 28500 என்னும் தரமாக ஏற்கப்பட்ட வடிவம். பக்கம், படம், எழுத்துரு ஆகியவற்றோடு வழங்கி (சர்வர்) அனுப்பிய மறுமொழியும் எடுத்த நாளும் நேரமும் அதில் பதிவாகும். சிறிய தளத்துக்கு விலையில்லா டபிள்யூகெட் மென்பொருளே போதும். ஒருங்குறிப் படியைப் பிறகு தனியாகச் செய்துகொள்ளலாம். குறியீட்டைத் தவறாகக் கணித்துவிட்டாலும் மூலம் கையில் இருக்கும்.

மறுமொழி 2: தமிழ் ஆய்வாளர்

எனக்குச் சற்றே மாறுபட்ட கருத்து உண்டு. தேடினால் கிடைக்காத கவிதை ஆய்வாளருக்கு இல்லாத கவிதைதான். எனவே ஒருங்குறிப் படியைக் காலவரையின்றித் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் நீங்கள் கேட்டதுபோல் பிடிஎஃப் மட்டும் போதாது. எந்தக் கவிதைக்குக் கீழே எந்த விவாதம் நடந்தது, இதழாசிரியர் எந்தத் தளங்களுக்கு இணைப்புக் கொடுத்தார், வாசகர்கள் கருத்து எழுதிவைக்கும் 'விருந்தினர் ஏட்டில்' எந்த நாட்டு வாசகர் என்ன எழுதினார் என்பவை அக்கால வாசிப்பின் சான்றுகள்.

மறுமொழி 3: சிங்கப்பூர் வாசகர்

சட்டப் பக்கத்தையும் பாருங்கள். இங்கே தேசிய நூலக வாரியச் சட்டம் திருத்தப்பட்டு, 2019 முதல் சிங்கப்பூர்த் தளப்பெயர் கொண்ட இணையத்தளங்களை உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமலேயே நூலகம் சேகரிக்க முடிகிறது. இந்தியாவில் நூல்களின் படிகளைக் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், 1956இல் நாளிதழ்களையும் சேர்த்துக்கொண்டதே தவிர, இணையத்தளங்களைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே மகளிடம் ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். பிற படைப்பாளிகளின் ஆக்கங்களைப் பொதுவில் வைக்கும்முன் அவரவரிடமும் கேளுங்கள். விருந்தினர் ஏட்டை முழுமையாகக் காப்பாற்றி, மின்னஞ்சல் முகவரிகளைப் பொதுப்பார்வையிலிருந்து மறைத்துவிடலாம். படிகளை ஒரே கட்டடத்தில் வைக்காதீர்கள்: 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அந்நாட்டு இணைய ஆவணகத்தையே நெடுநாள் பார்க்க முடியாமல் போயிற்று.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. முதல் வேலையாகத் தளப்பெயரை ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டோம். வன்தட்டில் 'எழுத்து' என்ற உறையில் அந்த எழுத்துருவே இருந்தது. அதை நிறுவி, உலாவியில் 2003ஆம் ஆண்டுப் பக்கம் ஒன்றைத் திறந்தோம். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவருடைய மகள் முதல் வரியை உரக்கப் படித்தார். வார்க் அறுவடை நாளை தொடங்குகிறது. இனி ஓர் ஐயம்: எழுத்துருவை உருவாக்கியவர் பெயர் கோப்பில் இல்லாத நிலையில், அதை நூலகக் கணினிகளில் வாசகர்களுக்காக நிறுவிவைக்கலாமா?