சின்னப் பெட்டியில் நியூட்ரான் விரவல் நீளம் தப்பாக வருகிறது, உதவி தேவை

மண்டபம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். நல்ல நீரிலும் கடல்நீரிலும் வெப்ப நியூட்ரானின் (வேகம் தணிந்த நியூட்ரான்) விரவல் நீளத்தை, அதாவது அதன் எண்ணிக்கை சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் தூரத்தை, அளந்து ஒப்பிடுவதுதான் புராஜெக்ட். கடல் உப்பிலுள்ள குளோரின் ஹைட்ரஜனைப் போல நூறு மடங்கு நியூட்ரானை விழுங்கும், அதனால் வித்தியாசம் தெரிய வேண்டும். ஆனால் நல்ல நீரிலேயே சிக்கிக்கொண்டேன்.

நியூட்ரான் தரும் அமெரிசியம்-பெரிலியம் மூலம், அதைச் சுற்றி வேகத்தைத் தணிக்கப் பாரஃபின் மெழுகு, நியூட்ரானை எண்ணச் சிறிய போரான் டிரைஃபுளோரைடு குழாய். மூலத்துக்கும் நீர்ப் பெட்டிக்கும் நடுவே வெப்ப நியூட்ரானைத் தடுக்கும் காட்மியம் தகடு வைத்தும் எடுத்தும் எண்ணி, வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுக்கிறேன். 15 செ.மீ. பெட்டியில் பக்கக் கசிவுத் திருத்தத்துக்குப் (பக்கங்கள் வழியே வெளியேறும் நியூட்ரானுக்கான திருத்தம்) பிறகு ஏறத்தாழ 2.8 செ.மீ. வருகிறது, சரி. அதே திருத்தத்தை 8 செ.மீ. பெட்டிக்குப் போட்டால் 10 செ.மீ. என்கிறது! திருத்தத்துக்கு முன் 1.9தான்.

பெட்டியின் பக்கங்களைக் காட்மியத்தால் சுற்றினேன், மாற்றமில்லை. எங்கள் ஊர்க் கிணற்று நீர் உப்புக் கரிக்கும், ஆகவே ஆரம்பத்திலிருந்தே காய்ச்சி வடித்த நீர்தான். கடல் காற்றின் ஈரத்தில் உயர் மின்னழுத்த இணைப்பு கசிந்து பொய் எண்ணிக்கை தருகிறதோ என்று சிலிகா ஜெல் வைத்துப் பார்த்தேன். மூலம் இல்லாத எண்ணிக்கை குறைந்தது, தூரத்தோடு எண்ணிக்கை குறையும் சாய்வு அப்படியே நிற்கிறது. மூலத்துக்கு ஒட்டியும் கடைசி விளிம்பிலும் உள்ள புள்ளிகளை நீக்கியும் பார்த்தாயிற்று. கடல்நீர் மாதிரிகள் கொஞ்சமாகத்தான் இருக்கின்றன, பெரிய பெட்டி நிரம்பாது.

குழாயின் விட்டம் 12 மி.மீ. இவ்வளவு சின்னப் பெட்டியில் குழாய் இடம்பிடிப்பதையும் சேர்த்துப் பக்கக் கசிவைத் திருத்த என்ன வழி?