பழைய ஹைலக்ஸுக்கு டீசல் எஞ்சின்: மாத்தினவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ஊர் மலேசியாவுல பட்டர்வொர்த். அப்பா விட்டுப்போன டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 12ஆர் பெட்ரோல் எஞ்சின், 1,587 சிசி, நாலு கியர். தேங்காய் ஏத்த அதுதான் காடி (வண்டி). பினாங்குப் பாலத்தோட நடு ஏத்தத்துல மூட்டையோட போனா மூணாவது கியர்லயே மூச்சு வாங்கும். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிப்பான். 2022-ல துணிஞ்சு 3எல்ங்கிற டொயோட்டா டீசல் எஞ்சினுக்கு மாத்தினேன், 2,779 சிசி.

முதல் அடி எஞ்சின்ல விழல, கியர்பாக்ஸ்ல விழுந்துச்சு. ஹாஃப்கட் கடைத் தவுக்கே (வெளிநாட்டுல பாதியா வெட்டின பழைய காடிய எஞ்சினோட விக்கிற முதலாளி), "எஞ்சின் கியர்பாக்ஸ் ரெண்டும் சேர்ந்தே இருக்கு பாஸ்"னார். ஆயில் மூடியத் திறந்து பார்த்தேன், புகை பார்த்தேன், சத்தம் கேட்டேன். எந்தக் காடியில இருந்து வெட்டினதுன்னு மட்டும் கேக்கல. ஹையேஸ் வேன்! அந்த வேன்ல கியர்க் கம்பு ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கும். கியர்பாக்ஸ் மேல கம்பு நிக்க இடமே கிடையாது. எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி, அந்த சம்ப்பும் வேற வடிவம், நம்ம குறுக்குச் சட்டத்துல இடிச்சுது. திருப்பிக் கொண்டுபோனா "வித்தது வித்ததுதான்". ஹைலக்ஸ் சம்ப், அதுக்குச் சேர்ந்த ஆயில் குழாய், அஞ்சு கியர் பாக்ஸ்னு தனித்தனியா தேடி அலைஞ்சேன். வந்த கியர்பாக்ஸ் பழசைவிட நீளம், அதனால பின்சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோற புரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி வெல்டு வெச்சோம். பேலன்ஸ் பார்க்காம அவசரத்துல ஓட்டினதுல, 70-ஐத் தொட்டதும் டேஷ்போர்டுல ஒட்டியிருந்த முருகன் கழண்டு மடியில விழுந்தார்.

அதைவிடப் பயந்தது பிரேக்குக்கு. பட்டறை வாசல்ல இருந்து எறக்கத்துல காடிய விடுறேன், பெடல் கல்லு மாதிரி நிக்குது. ரெண்டு காலையும் வெச்சு மிதிச்சுத்தான் நிறுத்தினேன். பெட்ரோல் எஞ்சின்ல திராட்டில் மூடியிருக்கும்போது மேனிஃபோல்டுல வெற்றிடம் உண்டாகும், பெடலை லேசாக்குற பிரேக் பூஸ்டர் அதைத்தான் இழுத்துக்கும். டீசல்ல அந்தத் தடுப்பு இல்லாததால காத்து தாராளமா உள்ள போகும், இழுக்க ஒண்ணும் இருக்காது. 3எல்-ல ஆல்டர்னேட்டர் வால்ல வெற்றிடம் உண்டாக்கச் சின்னதா ஒரு வேக்கம் பம்ப் இருக்கும், அதுக்கு ஆயில் குழாய் தனி. வந்த ஆல்டர்னேட்டர் எரிஞ்சுபோச்சுன்னு ஃபோர்மேன் வேற ஒண்ணு மாட்டியிருந்தார். புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு, வால்ல பம்ப் மட்டும் இல்ல. பூஸ்டரோட பழைய குழாயை எடுத்துப் புது மேனிஃபோல்டுல சொருகிட்டு, "பாஸ், எல்லாம் முடிஞ்சது"ன்னுட்டார்.

தாள் விஷயத்துல நான் பண்ணினது தலைகீழ். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதிய முதல்ல வாங்கிட்டுத்தான் ஸ்பேனரத் தொடணும். ஏன்னா எஞ்சின் எண்ணோட, கெராண்ல (காடியோட பதிவுத் தாள்) எரிபொருளும் மாறுது. ரசீதையும் சுங்கத் தாளையும் கடையிலேயே கையோட வாங்கிடுங்க. நான் ஆறு வாரம் கழிச்சு அந்தத் தவுக்கேகிட்டயே போய் நின்னேன். புஸ்பகோம் காடிச் சோதனைக்கு முன்னால எஞ்சின் எண்ணை வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு வெச்சுக்கிட்டது மட்டும்தான் நான் புத்தியாப் பண்ணினது.

தைப்பூசத்துக்கு ரதத்துக்கு உடைக்கிற தேங்காயை ஏத்திக்கிட்டுப் பாலம் ஏறினேன். நாலாவது கியர், இழுவை குறையல. டீசல் எஞ்சின் கனத்துல காடியோட முன்பக்கம் ரெண்டு விரல் எறங்கியிருக்கு, அதை இன்னும் தூக்கணும்.

அப்புறம் 2024 ஜூன் 10. டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியில இருந்து 3.35! பெட்ரோலே பரவாயில்லைன்னு சொன்ன மச்சான் அன்னைக்குக் காலையிலயே போன் அடிச்சான்.

*

கெப்போங்ல இருந்து: நான் மாத்தினது இசுசு எல்ஃப் லோரி, ஜப்பான் ஹாஃப்கட். எங்க பழைய காடி 12 வோல்ட், வந்த எஞ்சின் 24. ஸ்டார்டர், ஆல்டர்னேட்டர், குளோ பிளக், எண்ணெய நிறுத்துற சாலினாய்டு, எல்லாமே 24. ஃபோர்மேன் இருந்த ஒத்த பேட்டரியிலயே மாட்டிட்டார். ஸ்டார்டர் ஒரு முனகல் முனகிட்டுப் படுத்துருச்சு. ரெண்டு பேட்டரி போட்டு எஞ்சினை 24-லயே விட்டுட்டு, லைட்டு ஹாரனுக்கு மட்டும் 12-ஆ எறக்குற பெட்டி வெச்சோம். ஒரு பேட்டரியில இருந்து மட்டும் 12 எடுக்காதீங்க. அது ஒண்ணு மட்டும் சீக்கிரம் செத்துரும், எனக்கு ரெண்டு செத்துச்சு.

*

சுங்கை பூலோ: அண்ணே, எஞ்சின்ல மிஞ்சுற டீசல் டேங்க்குக்குத் திரும்புற ரிட்டர்ன் குழாய்க்கு என்ன பண்ணீங்க? என்னோடதுல துளையே இல்ல.

*

பட்டர்வொர்த்: தம்பி, டேங்க்கைக் கழட்டி, உள்ள நல்லாக் கழுவிட்டு, வெல்டு வெக்கிறதுக்கு முன்னால முழுக்கத் தண்ணி நிரப்பச் சொல்லு. பெட்ரோல் ஆவி ஒரு சொட்டு இருந்தாலும் போதும், வெடிக்கும். நான் வெல்டு வெக்கவே விடல, டேங்க்ல எண்ணெய் அளவு காட்டுற ஃப்ளோட்டோட மூடியில துளை போட்டுக் குழாய் சொருகிட்டோம். டீசல்ல இருக்கிற தண்ணியப் பிரிக்கிற வாட்டர் செபரேட்டர் ஒண்ணு கட்டாயம் மாட்டு.