பழைய பாக்கிக்காக மினி டிராக்டரைப் பிடித்து வைக்கலாமா?

பட்டறைக்காரன், சுங்கை சிப்புட், மலேசியா:
வணக்கம். டிராக்டர், லோரி பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் ஒரு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் லிமிடெட்) கம்பெனிக்குப் போன வருடத்திலிருந்து கடனுக்குத்தான் வேலை. ஹைட்ராலிக் பம்ப், கியர்பாக்ஸ், டயர், கூலி எல்லாம் சேர்த்து 18,640 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி நிற்கிறது. ஒப்பந்தம் என்று ஒரு தாளும் கிடையாது. டிஓவில் (சாமான் ஒப்படைத்த சீட்டில்) அவர்களுடைய சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கிறது, சிலதில் டிரைவர் கிறுக்கியதுதான். "பாக்கி 18 சொச்சம் தெரியும் தம்பி, மில் பணம் வரட்டும்" என்று முதலாளி வாட்சாப்பில் எழுதினார். மில் பணம் வந்தது, அவருக்குப் புது போர்வீல் வண்டியும் வந்தது. இப்போது கியர்பாக்ஸ் வேலை சரியில்லை என்கிறார். அந்த வண்டி இன்னும் குலை ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது!

அவர்களுடைய இன்னொரு மினி டிராக்டர் என் பட்டறையில் நிற்கிறது. கிளட்ச் மாற்றியாயிற்று, பில் 1,150. பழைய பாக்கி வராமல் சாவி தரமாட்டேன் என்று சொல்லலாமா?

உரக்கடை:
கொடுக்காதீங்க அண்ணே. கூடவே 21 நாள் நோட்டீஸ் விடுங்கள். கம்பெனியை இழுத்து மூடிவிடுவோம் என்றால் அலறிக்கொண்டு வருவார்கள். 2018இல் எனக்கு 14,000 அப்படித்தான் வந்தது.

பழைய கிராணி, வக்கீல் ஆபீஸ்:
தம்பி, அவசரப்படாதீர்கள். கிளட்ச் பில் 1,150 வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த வண்டியில் செய்த வேலைக்கு மட்டும்தான். பழைய பாக்கிக்காகப் பிடித்தால், 1,150ஐ நீட்டிவிட்டு, வண்டி இல்லாமல் குலை அழுகிவிட்டது, நஷ்டம் கொடு என்று உங்கள் மேலேயே வழக்குப் போடுவார்கள்.

உரக்கடைக்காரர் சொல்வது அன்றைக்குச் சரி. அப்போது அந்த நோட்டீஸுக்கு 10,000 வெள்ளி பாக்கி போதும். 2021இலிருந்து அது 50,000. தவிர, வேலை சரியில்லை என்று எதிராளி தகராறு செய்யும் கடனுக்கு அந்த வழி ஆகாது.

பயனீட்டாளர் தீர்ப்பாயம் வியாபாரத்துக்கு வாங்கியதைத் தொடாது. சிறுவழக்கு 5,000 வெள்ளியோடு சரி. உங்களுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றம்தான், 100,000 வரை அங்கே போகலாம். வழக்கு அந்தக் கம்பெனி மேல், முதலாளி மேல் அல்ல. கம்பெனிகளைப் பதியும் எஸ்எஸ்எம்மில் தேடிப் பதிவு முகவரி எடுத்து, முதலில் வக்கீல் கடிதம் அனுப்புங்கள். 6 வருடம் அவகாசம் உண்டு என்று படுத்துவிடாதீர்கள், அதற்குள் கம்பெனியே காலியாகலாம்.

ஒன்று கேட்கிறேன். அந்த வாட்சாப், கியர்பாக்ஸ் வேலைக்கு முன்பா, பின்பா?

பட்டறைக்காரன்:
பின்புதான் ஐயா. கியர்பாக்ஸ் பில் மார்ச், அவர் எழுதியது ஜூன்.

பழைய கிராணி:
அப்படியானால் உங்கள் கையில் இருப்பதிலேயே பெரிய சாட்சி அதுதான். மூன்று மாதம் வண்டியை ஓட்டிவிட்டு, குறை ஒன்றும் சொல்லாமல் தொகையை ஒப்புக்கொண்டிருக்கிறார். முழு உரையாடலையும் தேதியோடு எடுத்து வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். டிரைவர் கிறுக்கிய டிஓக்களுக்கு எந்த வண்டி, என்ன சாமான், எந்த இன்வாய்ஸ் என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குடைவது அதைத்தான்.

உரக்கடை:
50,000 ஆக்கிவிட்டார்களா? நம்மைப் போன்ற சின்ன ஆட்கள் எங்கே போவது!