அப்பா தாமே எழுதிய உயில்: கேரளத்தில் தோப்பு, பொள்ளாச்சியில் வீடு

தோப்புக்காரர் மகன் (சித்தூர் தாலுகா, பாலக்காடு):

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அது தாத்தா வழியாக வந்தது. பொள்ளாச்சியில் உள்ள வீடு அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அண்ணன், நான், திருப்பூரில் கட்டிக்கொடுத்த தங்கை என நாங்கள் மூன்று பேர். அப்பாவுக்கு 74 வயதாகிறது. இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரிப் படிவத்தைப் பார்த்து, தோப்பு மகன்கள் இருவருக்கும் வீடு மகளுக்கும் என்று தம் கைப்படத் தமிழில் உயில் எழுதி வைத்திருக்கிறார். தோப்பைப் பற்றி 'வாய்க்காலுக்கு மேற்கே உள்ள என் தோட்டம்' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சாட்சியாக அண்ணனும் அண்ணியும் கையெழுத்துப் போட்டால் போதும், வெளியாள் எதற்கு என்கிறார். வக்கீலிடமோ பதிவு அலுவலகத்துக்கோ போனால் யாருக்கு என்ன எழுதினார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுகிறார். இந்த உயில் செல்லுமா? முத்திரைத்தாள் வேண்டுமா? இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டுமா?

பழைய பத்திர எழுத்தர் (பொள்ளாச்சி):

தம்பி, கடைசியில் கேட்டவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயம் இல்லை. ஒரே உயில் இரண்டு மாநிலச் சொத்துக்கும் செல்லும். தாமே எழுதுவதிலும் சட்டப்படி எந்தக் குற்றமும் கிடையாது.

சிக்கல் சாட்சியில்தான் வரும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். முழுவதும் கைப்பட எழுதியிருக்கிறார் என்பதற்காக இந்த விதியிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. அவர் காலத்துக்குப் பின் வழக்கு வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொன்னால்தான் உயில் நிரூபணமாகும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 68-ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தில் 67-ஆவது பிரிவாக இருக்கிறது. பதிவு செய்த உயிலுக்கும் இதேதான். நான் அறிந்த ஒரு வழக்கில் சாட்சியாகப் போட்டிருந்த மளிகைக் கடைக்காரர், 'பையன் தாளைக் கொண்டுவந்தான், பெரியவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே போட்டுக் கொடுத்தேன்' என்று உள்ளதை உள்ளபடியே சொல்லிவிட்டார். இன்னொரு சாட்சி அதற்குள் காலமாகியிருந்தார். உயில் அதோடு விழுந்தது.

அண்ணனும் அண்ணியும் சாட்சியாக இருப்பது வேண்டவே வேண்டாம். உயில் எழுதுகிறவர் கிறித்தவராக இருந்தால் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி செல்லாமலே போய்விடும். இந்துக்களின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும், பயன்பெறுகிறவரே முன்னின்று நடத்திய உயிலை நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும். 1958-இல் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னதை இன்றும் எல்லா உயில் வழக்குகளிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். அப்பாவைவிட வயதில் இளையவர்களாக, பங்கு எதுவும் பெறாதவர்களாக, நாளை கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்களாகப் பாருங்கள். குடும்ப மருத்துவர் ஒரு சாட்சியாக வந்தால் நிதானத்தோடு எழுதினார் என்பதற்கும் அவரே ஆதாரம்.

'வாய்க்காலுக்கு மேற்கே' என்பது உங்கள் வீட்டுக்குப் புரியும், வில்லேஜ் ஆபீஸுக்குப் புரியாது. கரம் (நிலவரி) கட்டிய ரசீதையும் முன்னாதாரத்தையும் (சொத்து வந்த வழியைக் காட்டும் பழைய பத்திரம்) பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண், ரீசர்வே எண், பரப்பு, நான்கெல்லை எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அங்கே போக்குவரவுக்கும் (நிலப் பதிவேட்டில் பெயர் மாற்றம்) இங்கே பட்டா மாறுதலுக்கும் பிள்ளைகள் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா இருக்கிறார்களா? நீங்கள் எழுதியதில் அவர்களைக் காணோமே.

வங்கிப் பணியாளர் (கோவை):

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வங்கி வைப்புத்தொகைக்கு நாமினி போட்டாயிற்று, அதை உயிலில் எழுத வேண்டியதில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே. அது யாருக்குச் சேரும் என்பதை உயிலோ வாரிசுரிமைச் சட்டமோதான் முடிவு செய்யும். நிறுவனப் பங்குகளுக்கும் இதுவே முறை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. உயிலில் ஒருவர் பெயரும் வங்கியில் வேறொருவர் பெயரும் இருந்தால் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வருவதற்கு அதுவே போதும்.

உயிலுக்குப் பதில் இப்போதே செட்டில்மெண்ட் எழுதிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். எழுதிப் பதிந்த அன்றே சொத்து கைமாறிவிடும் என்பதை அப்பா உணர்ந்திருக்க வேண்டும். பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பத்திரத்திலேயே இருந்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவைக் கொண்டு அதை ரத்துசெய்யக் கேட்க வழி இருக்கும்.

தோப்புக்காரர் மகன்:

மிக்க நன்றி. அம்மா நலமாக இருக்கிறார். உயிலில் அவர் பெயர் இல்லை. 'அவளைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா' என்கிறார் அப்பா. முன்னாதாரத்தை எடுத்துப் பார்த்தோம்: பூர்வீக நிலத்தை 1971-இல் அப்பாவும் பெரியப்பாக்களும் பாகப்பிரிவினை செய்துகொண்டதில் வந்த தோப்பு அது. அண்ணன் 1973-இல் பிறந்தவர், நான் 1979. இதனால் ஏதாவது மாறுமா?

பாலக்காட்டு வழக்கறிஞர்:

நிறையவே மாறும். வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம். அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். தோப்பின் நிலை வேறு. பூர்வீகச் சொத்தின் பாகமாக வந்ததால், அண்ணன் பிறந்தபோதே அதில் அவருக்கு உரிமை வந்துவிட்டது. கேரளத்தின் 1975-ஆம் ஆண்டு இந்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 அன்று நடப்புக்கு வந்தபோது, கூட்டுக்குடும்பச் சொத்து அன்றே பங்கிடப்பட்டதுபோல் கருதப்பட்டு, குடும்பத்தார் தனித்தனிப் பங்குதாரர்களானார்கள். ஆகவே அன்று மூன்று வயதுச் சிறுவனாக இருந்த அண்ணனுக்குச் சேர்ந்த பங்கை அப்பா உயிலில் எழுத முடியாது. போதாக்குறைக்கு, அந்தச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் மகள்களுக்குச் சம உரிமை தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தத்துக்கு முரணானவை என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது; உங்கள் தங்கையும் தோப்பில் பங்கு கேட்க அது இடம் தருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள் தமிழ்நாட்டு நிலத்துக்குப் பொருந்துவதை அப்படியே இங்கும் பொருத்திப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். படிவம் எதிலும் இந்த வேறுபாடு இருக்காது.

'தோப்பு முழுவதும் மகன்களுக்கு' என்ற வரியால் உயில் முழுவதும் செல்லாமல் போகாது. அப்பாவின் பங்கு அளவுக்கு மட்டும் அது நிற்கும், மீதிக்கு வழக்கு வரும். எல்லோரும் ஒத்துப்போகிற குடும்பம் என்றால், அவர் இருக்கும்போதே அனைவரும் கையெழுத்திட்டுத் தோப்பைப் பாகப்பிரிவினையாகப் பதிந்துவிட்டு, அவர் பங்குக்கு மட்டும் உயில் எழுதுவதே என் யோசனை.

அம்மாவை விட்டுவிட வேண்டாம். மனைவியைக் காரணம் சொல்லாமல் ஒதுக்கியிருப்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் முதல் கேள்வியாகக் கேட்பார்கள். பொள்ளாச்சி வீட்டில் அம்மாவுக்கு ஆயுள் முழுவதும் குடியிருக்கும் உரிமை, அவருக்குப் பின் மகளுக்கு என்று எழுதலாம். அதைப் பழைய தாளில் இடைச்செருகலாக எழுத வேண்டாம். உயிலில் செய்யும் திருத்தத்துக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 71-ஆவது பிரிவின்படி கையெழுத்தும் சாட்சிகளும் வேண்டும். புதிதாகவே எழுதி, முந்தையதை ரத்து செய்வதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அப்பாவின் அச்சத்துக்கு வழி இருக்கிறது. பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. அவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அதுகூட வேண்டாம் என்றால், பதிவுச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து பாலக்காட்டில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பதிவாளரும் பார்க்க மாட்டார். மனம் மாறினால் அப்பா திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவர் காலத்துக்குப் பின் விண்ணப்பம் கொடுத்தால்தான் உறையைத் திறப்பார்கள். உறையின் மேல் அவர் பெயரும் உள்ளே இருப்பது உயில் என்பதும் எழுதியிருக்க வேண்டும். ஒப்படைத்த விவரத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.