சோவியத் ஒன்றியம் ஏன் உடைந்தது: எங்கள் குடும்பக் குழுவில்

நிலா: பெரியப்பா, சோவியத் ஒன்றியம் ஏன் உடைந்தது என்று நாளைக்கு வகுப்பில் பேசணும். எங்கிருந்து தொடங்கலாம்?

முரளி சித்தப்பா: எண்ணெயிலிருந்து தொடங்கு. 1986இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்குக் கீழே சரிந்தது. அவர்களுக்கு டாலர் வந்ததே பெரும்பாலும் எண்ணெயிலும் எரிவாயுவிலும்தான். தானியத்தை வெளிநாட்டில் வாங்கினார்கள், ஆப்கன் போர்ச் செலவு வேறு.

பெரியப்பா: அது உண்மைதான் முரளி. ஆனால் காசு தீர்ந்தால் நாடு ஏழையாகும், 15 நாடாக ஏன் பிரியணும்? நிலா, அவர்களின் 1977 அரசியல் சட்டத்தைப் பாரும்மா. 72ஆவது பிரிவில், ஒன்றியத்தில் சேர்ந்திருந்த 15 குடியரசுகளில் எதுவும் விரும்பினால் பிரிந்து போகலாம் என்று இருக்கிறது.

நிலா: அவர்களே எழுதி வைத்தார்களா!

பெரியப்பா: ஆமாம். 6ஆவது பிரிவு இருக்கும் தைரியம். நாட்டை வழிநடத்துவது கம்யூனிஸ்ட் கட்சி என்றது அது. கீவ், தாலின், தாஷ்கண்ட் என்று குடியரசுகளின் தலைநகர் எல்லா இடத்திலும் சட்டமன்றம், அமைச்சரவை உண்டு. ஆனால் முடிவு கட்சியுடையது, கட்சியின் பிடி மாஸ்கோவில். 1990 மார்ச்சில் கட்சியின் ஏகபோகத்தை 6ஆவது பிரிவிலிருந்து நீக்கினார்கள். அதே மாதம் லித்துவேனியா சுதந்திரம் அறிவித்தது. ஜூனில் ரஷ்யாவே ஒன்றியச் சட்டத்தைவிடத் தன் சட்டம்தான் மேல் என்றது.

செல்வி அத்தை: ஆனால் அண்ணா, 1991 மார்ச் வாக்கெடுப்பில் ஒன்றியம் வேண்டும் என்றுதானே மக்கள் சொன்னார்கள்?

பெரியப்பா: சொன்னார்கள் செல்வி, முக்கால்வாசிப் பேர். ஆறு குடியரசுகள் அந்த வாக்கெடுப்பையே நடத்தவில்லை. உக்ரைன் அப்போது ஒன்றியத்துக்கு ஆதரவு. டிசம்பர் 1 அன்று அதே உக்ரைனில் 90 சதவீதத்துக்கு மேல் சுதந்திரத்துக்கு வாக்களித்தார்கள்.

நிலா: ஒன்பதே மாதத்தில் எப்படி மாறியது?

பெரியப்பா: நடுவில் ஆகஸ்ட் 19 வந்ததே. குடியரசுகளுக்கு அதிகாரம் கொடுக்கும் புது ஒப்பந்தத்தில் மறுநாள் கையெழுத்திட இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் கட்சியின் பழைய ஆட்கள் சோவியத் அதிபர் கோர்பச்சேவைக் கிரிமியாவில் அடைத்துவிட்டு மாஸ்கோவில் டாங்கிகளை இறக்கினார்கள். மூன்றே நாளில் தோற்றார்கள். அப்புறம் மாஸ்கோவை நம்ப யாரும் தயாராக இல்லை. ஒன்றியத்தைக் காப்பாற்றப் போனவர்கள்தான் அதை முடித்து வைத்தார்கள்.

முரளி சித்தப்பா: சீனாவில் அதன் தலைவர் டெங் சியாவோபிங் சந்தையைத் திறந்தார், கட்சியைத் தொடவில்லை. அந்த வழி சரி என்கிறீர்களா?

பெரியப்பா: 1989இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தில் மாணவர்களைச் சுட்ட வழியை நான் சரி என்று சொல்ல மாட்டேன். மக்களைப் பேசவிட்டதற்காக கோர்பச்சேவை மதிக்கிறேன். ஆனால் குடியரசுகளோடு புது ஒப்பந்தம் பேசி முடித்த பிறகு 6ஆவது பிரிவைத் தொட்டிருக்க வேண்டும். அவர் முதலில் பிரிவைத் தொட்டார், பேச்சை அப்புறம் தொடங்கினார்.