மேட்டில் பிக்கப் இல்லை

நான், காலை 6:10
மாமா, எழுந்துவிட்டீர்களா? வண்டியில் பிக்கப்பே இல்லைங்க. நேற்று வெங்காயம் ஏற்றிக்கொண்டு குன்னூர் போனேன். கல்லாறு வரை ஒன்றும் தெரியவில்லை. மேடு தொடங்கியதும் இரண்டாவது கியரிலேயே உருட்ட வேண்டியதாகிவிட்டது. பர்லியாறு வருவதற்குள் பின்னால் ஏழெட்டு வண்டி நின்றுவிட்டது.

நான், 6:12
கீழே இறங்கியதும் ஒரு பட்டறையில் காட்டினேன். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ போச்சு, மாற்றினால் 38,000 ஆகும் என்கிறார்கள்.

அத்தை, 6:15
இந்த மாதத் தவணையே இன்னும் கட்டவில்லையே கண்ணு.

மாமா, 6:21
பொறு மாப்பிள்ளை. எதைப் பார்த்து டர்போ என்றார்கள்?

நான், 6:22
குழாய் பக்கம் ஆயில் கசிவு இருக்கிறதாம்.

மாமா, 6:26
அதை மட்டும் வைத்து டர்போவைக் கழற்றக் கூடாது. இன்ஜினின் மூச்சுக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஆயில் ஆவி அந்தப் பக்கம் வருவது வழக்கம்தான். மேட்டில் மிதித்தால் புகை என்ன நிறம்? இன்ஜின் சத்தம் மட்டும் எகிறி, வண்டி வேகம் எடுக்காமல் இருந்ததா?

நான், 6:29
கரும்புகை, கண்ணாடியில் பார்த்தேன். சத்தம் எகிறவில்லை. வண்டியும் இன்ஜினும் சேர்ந்தே திணறுகிறது.

மாமா, 6:31
அப்போ கிளட்ச் நழுவவில்லை. சரி.

அண்ணன், 6:33
டீசலில் தண்ணீர் இருக்குமோ தம்பி? என் டிராக்டருக்குப் போன மழையில் அப்படித்தான் ஆனது.

மாமா, 6:38
அப்படி இருந்தால் விட்டு விட்டு இழுக்கும், குலுக்கும். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தால் இழுவையும் இருக்காது, இவ்வளவு கரும்புகையும் வராது. கரும்புகை என்றால் டீசல் போகிறது, அதற்கு வேண்டிய காற்று போகவில்லை. ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்கள், இந்த இரண்டையும் முதலில் பார். மிதிக்கும்போது உஸ் என்று காற்று போகும் சத்தம் கேட்டதா?

நான், 6:40
ஆமாம் மாமா! மேட்டில் மட்டும் கேட்டது. பட்டறையில் நிறுத்தி ரேஸ் கொடுத்தபோது ஒன்றும் கேட்கவில்லை.

மாமா, 6:47
அங்கேதான் பிடி இருக்கிறது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் டர்போ பெரிதாக அழுத்தம் கொடுக்காது. கிழிசல் வாய் மூடியே இருக்கும். லோடோடு மேடு ஏறும்போது அழுத்தம் கூடும், வாய் திறக்கும். உன் வண்டியில் ஃபில்டரைத் தாண்டியதுமே காற்றை அளக்கும் சென்சார் இருக்கிறது. அளந்த காற்றுக்குத் தக்கபடி டீசல் போகும். காற்று நடுவழியில் வெளியேறிவிட்டால் டீசல் மிஞ்சிப்போய்க் கரும்புகைதான்.

மாமா, 6:49
இன்ஜின் ஆறட்டும். அப்புறம் ஒவ்வொரு குழாயையும் அடிப்பக்கம் கைவிட்டுத் தடவு. எங்கே ஆயிலும் தூசியும் சேர்ந்து பிசுபிசு என்று இருக்கிறதோ, அங்கே வளைத்துப் பார்.

நான், 8:05
ஏர் ஃபில்டர் அழுக்குதான், ஆனால் அடைக்கவில்லை. இன்டர்கூலருக்குப் போகும் குழாயில், கிளிப்புக்குப் பக்கத்தில் அடியில், இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருக்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியவே இல்லை.

அத்தை, 8:07
முருகா!

மாமா, 8:12
டேப் சுற்றி ஓட்டாதே, மேட்டில் பிய்ந்துவிடும். குழாயும் கிளிப்பும் புதிதாகவே போடு. கழற்றிய கையோடு டர்போ வாயில் அந்த விசிறித் தண்டை விரலால் சுற்றிப் பார். பக்கவாட்டில் இம்மியளவு ஆடலாம். முன்னும் பின்னும் ஆடக் கூடாது, இறக்கை சுவரில் உரசக் கூடாது.

நான், 11:30
நன்றாகச் சுற்றுகிறது. முன்பின் ஆட்டம் இல்லை, உரசலும் இல்லை. குழாய், கிளிப், ஏர் ஃபில்டர் மூன்றும் சேர்த்து 3,100 ஆனது.

நான், மாலை 5:48
குன்னூர் வந்துவிட்டேன் மாமா. நேற்று ஏற்றிய அதே அளவு வெங்காயம்தான். நேற்று இரண்டாவதில் திணறிய இடமெல்லாம் மூன்றாவதில் ஏறியது. புகை இல்லை, அந்த உஸ் சத்தமும் இல்லை.

மாமா, 5:55
நல்லது. இப்போது கேரட் ஏற்றி இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வா, பிரேக்கை மட்டும் நம்பாதே. கீழே வந்ததும் கிளிப்பை ஒரு தடவை முறுக்கிப் பார், புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். பழைய குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதே, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. எந்த இடத்தில் உரசிக் கிழிந்தது என்று பார்க்கணும்.